காலத்தின் துளிகள்: புனித அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ குறித்து

புனித அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ என்னும் நூல் நம்மிடையே இரு வகையாக வாசிக்கப்பட்டு வருகிறது. மறையுரைகளில் அது ஒரு தாயின் கண்ணீர் வென்ற கதை. மெய்யியல் வகுப்புகளிலோ பதின்மூன்று புத்தகங்கள் கொண்ட அந்நூல் பதினோராம் புத்தகமாகச் சுருங்கிவிடும். காலம் என்பது யாது என்ற வினாவுக்கு அங்கே விடை தேடப்படும். இரு வாசிப்புகளும் பிழையானவை அல்ல. ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு நூல் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்று நாம் கருதுகிறோம். அது நேரமில்லாத ஒரு மனிதரின் நூல்.

நேரமில்லை என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் ஓயாமல் ஒலிக்கிறது. இரவுச் செபத்திற்கு நேரமில்லை. அன்பியக் கூட்டத்திற்கு நேரமில்லை. திண்ணையில் தனித்திருக்கும் தந்தையோடு பத்து நிமிடம் அமர்ந்து பேச நேரமில்லை. இக்குறையைத் தீர்க்கவென்றே எழுதப்பட்ட கையேடுகள் கடைகளில் மலிந்துள்ளன. விடியலில் எழுக, பட்டியல் இடுக, முதன்மையானதை முதலில் செய்க என்று அவை அறிவுறுத்துகின்றன. நல்ல அறிவுரைகளே. எது முதன்மையானது என்னும் வினாவை மட்டும் அவை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அகுஸ்தீனாரின் நூலோ அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தோற்றுப்போன கால அட்டவணை

ஆறாம் புத்தகத்தின் பதினோராம் அதிகாரத்தை நாம் மெதுவாக வாசிக்க வேண்டும். 384ஆம் ஆண்டு மிலான் நகரில் நாவன்மைக் கலை ஆசிரியராக அமர்ந்த அகுஸ்தீனாருக்கு அப்போது வயது முப்பது. பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்து ஞானத்தின்மீது காதல் கொண்டவர், பத்தாண்டுக்கு மேல் கடந்தும் தாம் அதே சேற்றில் நிற்பதைக் கண்டு மனம் குமைகிறார். உடனே ஒரு திட்டம் வகுக்கிறார். ஆன்மாவின் நலனுக்கென வேளை குறிக்க வேண்டும், மணிக்கணக்கைப் பகுத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதி கொள்கிறார். தற்காலக் கையேடு எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்த கணமே கணக்குத் தொடங்குகிறது. முற்பகல் முழுவதும் மாணவர்க்கு உரியது. பிற்பகல் எஞ்சுகிறது, அதை ஏன் இறைத்தேடலுக்குத் தரக்கூடாது? தந்துவிட்டால், தயவு வேண்டி நிற்கும் பெரிய மனிதர்களைச் சென்று காண்பது எப்போது? மாணவர் பொருள் கொடுத்துக் கேட்கும் பாடங்களை ஆயத்தம் செய்வது எப்போது? களைத்த மனத்திற்கு ஓய்வு தருவது எப்போது? படிக்க நூல்கள் வேண்டும். அவற்றை யாரிடம் இரவல் பெறுவது? சாவு எப்போது வருமென்று தெரியாதே, இவை அனைத்தும் தொலையட்டும் என்று ஒரு கணம் வெகுண்டெழுகிறார். மறுகணம், இவற்றிலும் இனிமை இல்லாமல் இல்லையே, சற்றுப் பொறுத்தால் ஏதேனும் ஓர் ஆளுநர் பதவி கிட்டக்கூடுமே, செலவுக்குச் சுமையாகாத செல்வமுள்ள மனைவி வாய்க்கக்கூடுமே என்று மனம் திரும்பிக்கொள்கிறது. இவ்வாறு நெஞ்சம் காற்றில் அலைந்துகொண்டிருக்கக் காலம் கடந்துகொண்டே இருந்தது என அவரே எழுதுகிறார்.

இப்பகுதியின் இலக்கியத் திறம் அதன் வினாக்களின் அடுக்கில் உள்ளது. விடையளிக்க இடம் தராமல் ஒரு வினாவை மற்றொன்று தள்ளிக்கொண்டு வருகிறது. ஓய்வின்றி ஓடும் மனத்தின் மூச்சிரைப்பை நாம் நடையிலேயே கேட்கிறோம். அதைவிட முக்கியமானது இப்பகுதி புலப்படுத்தும் உண்மை. அட்டவணை தோற்றது மணிக்கணக்கில் குறை இருந்ததால் அன்று; பிற்பகல் அவர் கையில் இருக்கத்தான் செய்தது. அந்தப் பிற்பகலை விரும்பிய அன்புகள் பல. அவற்றுள் எது தலைமை ஏற்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. அன்பில் ஒழுங்கு அமையாதவரை அட்டவணையில் ஒழுங்கு அமையாது. பிற்காலத்தில் ‘இறைவனின் நகர்’ என்னும் பெருநூலில், நற்பண்பு என்பதே அன்பின் ஒழுங்கு எனச் சுருங்கக் கூறினார் அகுஸ்தீனார். அவ்வரையறையின் வித்து மிலான் நகரத்துப் பிற்பகல் ஒன்றில் விழுந்தது எனலாம்.

இன்னும் சற்று

எட்டாம் புத்தகம் இந்நோயை மேலும் நுட்பமாகக் காட்டுகிறது. விடிந்தது தெரிந்தும் எழ மனமின்றிப் போர்வைக்குள் புரளும் ஒருவனோடு அகுஸ்தீனார் தம்மை ஒப்பிடுகிறார். எழுவதே நல்லது என்று அவன் அறிவான். இன்னும் சற்று, இன்னும் சற்று என்கிறான். அந்தச் சற்று முடிவின்றி நீள்கிறது. இறைவனிடம் தூய்மையை வேண்டிக்கொண்டு, அதை உடனே தந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்ட தம் இளமைச் செபத்தையும் அவர் மறைக்கவில்லை. அச்செபத்தை எடுத்துக்காட்டிப் புன்னகைப்பவர் பலர். அதில் நம் குரலைக் கேட்பவர் சிலரே. மகளின் திருமணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், பணி ஓய்வு வரட்டும். பிறகு அண்ணனோடு சமாதானம் செய்துகொள்வோம், பிறகு விவிலியத்தைத் திறப்போம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அதே செபத்தையே மொழிகிறோம்.

எனினும் தள்ளிப்போடுதல் அனைத்தையும் அகுஸ்தீனார் ஒரே தராசில் நிறுக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். 386ஆம் ஆண்டில் மனமாற்றம் பெற்ற பின்னர் அவர் ஆசிரியப் பணியை அன்றே உதறிவிடவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்குச் சுமார் இருபது நாள்களே இருந்தன. ஆரவாரமின்றி விலகுவதற்காக அந்நாள்களைப் பொறுத்துக் கழித்தார். ஒரு மணி நேரமேனும் அந்த இருக்கையில் நீடித்தது குற்றமென்று எவரேனும் கூறினால் தாம் வழக்காடப் போவதில்லை என்கிறார். முடிவு செய்ய அஞ்சிய பத்தாண்டுத் தாமதம் ஒன்று. முடிவு செய்தபின் அமைதிக்காக ஏற்ற இருபது நாள் தாமதம் வேறொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் காத்திருத்தலே. உள்ளே இருக்கும் அன்பு அவற்றை வேறுபடுத்துகிறது.

இல்லறத்தாராகிய நாம் ஒன்பதாம் புத்தகத்தில் நின்று நோக்க வேண்டியவர் வெரேகுந்துஸ். மிலானில் மொழி ஆசிரியராக இருந்த அவர் அகுஸ்தீனாரின் நண்பர். அவருடைய மனைவி கிறிஸ்தவர். அவரோ இன்னும் திருமுழுக்குப் பெறாதவர். நண்பர்கள் உலகப் பணியைத் துறந்து கூடி வாழப் புறப்பட்டபோது அவர் துயருற்றார். துறவு நிலையில்தான் கிறிஸ்தவராக வேண்டும், மணவாழ்வோ அதற்குத் தடை என்று எண்ணியதே அவருடைய துயரத்திற்குக் காரணம். ஆயினும் பெருந்தன்மையோடு காசிசியாக்கும் என்னுமிடத்திலிருந்த தம் நாட்டுப்புற இல்லத்தை நண்பர்களுக்குத் தந்தார். அகுஸ்தீனார் அவருக்குக் கூறிய ஆறுதல் கவனத்திற்குரியது. மனைவியை விட்டு வா என்று அவர் சொல்லவில்லை. உம் நிலைக்குரிய நம்பிக்கையை, மணவாழ்வின் நம்பிக்கையை மேற்கொள்ளும் என்று ஊக்கினார். பின்னர் நோயுற்ற வெரேகுந்துஸ் அந்நோயிலேயே கிறிஸ்தவராகி இறந்தார்.

இச்சிறு பகுதி பொதுநிலையினர்க்கென எழுதப்பட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இறைவனுக்குரிய நேரம் வேறெங்கோ, வேறொரு வாழ்க்கை நிலையில், மடத்தின் அமைதியில்தான் உண்டு என்று நம்புவதும் தள்ளிப்போடுதலின் ஒரு வடிவமே. பார்வைக்கு அது பக்தியாகத் தெரிவதால் அதைக் கண்டுகொள்வது கடினம்.

திறந்திருந்த கதவு

மிலான் ஆயரான புனித அம்புரோசியாரை ஆறாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் வரைந்து காட்டுகிறது. அவர் குரலெழுப்பாமல் மௌனமாகப் படித்தார் என்ற செய்திக்காகவே அப்பகுதி வாசிப்பின் வரலாற்றை எழுதுவோரால் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. நாம் காண வேண்டியது வேறு. குறையுற்ற மக்கள் கூட்டம் எந்நேரமும் ஆயரைச் சூழ்ந்திருந்தது. அவர்கள் இல்லாத மிகச் சொற்ப நேரத்தில் அவர் உணவால் உடலையோ, வாசிப்பால் உள்ளத்தையோ தேற்றிக்கொண்டார். அவ்வேளையிலும் கதவு எவருக்கும் அடைக்கப்படவில்லை. அறிவித்துவிட்டு நுழையும் வழக்கமும் இல்லை. அகுஸ்தீனாரும் பிறரும் உள்ளே சென்று, படித்துக்கொண்டிருப்பவரின்முன் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

மனம்விட்டுப் பேச வாய்ப்பில்லையே என்ற ஏக்கம் இச்சித்திரத்தில் இருக்கிறது, குறைகூறல் இல்லை. நேரமில்லாத இருவர் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவரின் நேரத்தைப் பதவி ஆசையும் தயவு தேடலும் தின்கின்றன. மற்றவரின் நேரத்தை எளியோரின் தேவை எடுத்துக்கொள்கிறது. முன்னவர் கலங்குகிறார், பின்னவர் கிடைத்த சிறு இடைவெளியில் அமைதியாக ஏட்டைப் புரட்டுகிறார். இருவரையும் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பது நூலாசிரியரின் அமைப்புத் திறன். அலுவல் மிகுதி தன்னளவில் நோயன்று என்பதை விளக்கவுரை ஏதுமின்றி நாமே கண்டுகொள்கிறோம்.

துளியும் பாடலும்

இந்தப் பின்னணியோடு பதினோராம் புத்தகத்தைத் திறந்தால் அது வேறொரு முகம் காட்டுகிறது. 397ஆம் ஆண்டையொட்டி இந்நூலை எழுதத் தொடங்கியபோது அகுஸ்தீனார் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர். காலத்தின் இயல்பை ஆராயத் தொடங்குமுன், காலத்தின் துளிகள் தமக்கு விலைமதிப்புள்ளவை என்கிறார். நாழிகை வட்டிலில் சொட்டும் நீரைக்கொண்டு வழக்காடுவோரின் பேச்சை அளந்த உலகில் வாழ்ந்தவர் அவர். நாள் என்பது உயிரை அறுக்கும் வாள் எனக் கண்டது திருக்குறள்; அகுஸ்தீனாருக்கோ அது எண்ணிக் கொடுக்கப்படும் துளி.

அந்தத் துளிகளுள் எவற்றை இறைவார்த்தையைச் சிந்திக்கத் தருவது என்று அவர் சொல்லும் இடம், இந்நூலில் காலப் பங்கீடு குறித்து வரும் மிகத் தெளிவான பகுதி. உடலைத் தேற்றும் தேவை, உள்ளத்தின் உழைப்பு, மனிதர்க்குச் செய்ய வேண்டிய ஊழியம் ஆகியவை போக எஞ்சும் வேளைகளை வேறெதிலும் சிதறவிட மாட்டேன் என்கிறார். ஊழியத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார்: நாம் கடன்பட்டுச் செய்வது ஒன்று, கடன்படாமலிருந்தும் செய்வது மற்றொன்று. இந்த இரண்டாவது பிரிவு எந்த நேர மேலாண்மைக் கையேட்டிலும் இடம்பெறுவது அரிது. நம் கடமையாக இல்லாததைத் தவிர்க்கவே அவை கற்பிக்கும். அகுஸ்தீனாரோ அதைத் தவிர்க்க முடியாத செலவாக முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தைக் காக்கிறார். வழியில் வந்து கைபிடித்தவரின் தேவை அவர் கணக்கில் வீண்செலவு அன்று.

காலத்தைப் பற்றிய அவரது ஆய்வு இறுதியில் ஒரு பாடலில் வந்து நிற்கிறது. மனப்பாடமான திருப்பாடல் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறோம். சொல்லுமுன் முழுப்பாடலும் எதிர்பார்ப்பில் இருக்கிறது; சொல்லச் சொல்ல அது நினைவுக்குள் கடந்து செல்கிறது; நடுவே நம் கவனம் நிற்கிறது. மனிதனின் வாழ்வு முழுவதும், மானிட வரலாறு முழுவதும் இப்படியே என்கிறார். பாடத் தெரிந்தவர் அடுத்த அசைக்கு விரைவதற்காக இந்த அசையை விழுங்குவதில்லை. ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய அளவைத் தருகிறார். அதனாலேயே பாடல் பாடலாகிறது. முன்னுரிமை என்பதை நாம் விரைவு என்று பொருள் கொண்டுவிட்டோம். இவ்வுவமை அதைத் திருத்துகிறது. தாம் பல காலங்களாகச் சிதறிக் கிடப்பதாக அகுஸ்தீனார் அடுத்து முறையிட்டு, பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் காட்டும் ஒருமுகப்பட்ட ஓட்டத்தை நாடுவதும் இதன் தொடர்ச்சியே.

நூல் விட்ட இடங்கள்

புகழ்ந்துரைத்து முடிப்பது மட்டும் திறனாய்வு ஆகாது. காலத்தை இத்துணை நுட்பமாக எடைபோட்ட நூல், தன் பக்கங்களை எவ்வாறு பங்கிட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சிறுவனாய்ப் பேரிக்காய்களைத் திருடியதற்கு இரண்டாம் புத்தகத்தில் ஏழு அதிகாரங்கள் கிடைத்துள்ளன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவருடன் வாழ்ந்து, அதேயோதாத்துஸ் என்னும் மகனைப் பெற்றுத் தந்த பெண்ணுக்குக் கிடைத்தவை சில வரிகள். செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் திருமணப் பேச்சுக்குத் தடையாவாள் என்று அவள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். வேறு ஆடவனை அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டு, மகனை விட்டுச் சென்றாள். தம் நெஞ்சம் கிழிந்து குருதி வடித்ததை அகுஸ்தீனார் எழுதுகிறார். அவள் நெஞ்சத்தைப் பற்றி எழுதவில்லை, பெயரையும் எழுதவில்லை. அவளைக் காக்கவே பெயரை மறைத்தார் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியே ஆயினும், முன்னேற்றத்திற்காக ஒரு மனிதரை ஒதுக்கியதை நூல் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. முன்னுரிமை வகுக்கும்போதெல்லாம் ஒருவர் பட்டியலின் அடியில் விழுகிறார். அவர் யார் என்று நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறை அமைப்பைச் சார்ந்தது. வாழ்க்கைக் கதை 387ஆம் ஆண்டில், ஒஸ்தியாத் துறைமுகத்தில், ஐம்பத்தாறு வயதில் மோனிக்காவின் மரணத்தோடு நின்றுவிடுகிறது. பத்தாம் புத்தகம் ஆயரின் அப்போதைய உள்மனச் சோதனைகளைப் பேசினாலும், அவருடைய அன்றாட அலுவலை ஏறத்தாழ விட்டுவிடுகிறது. மனமாற்றத்தோடு காலப் போராட்டம் ஓய்ந்துவிட்டது என்ற மயக்கத்தோடு வாசகர் நூலை மூடக்கூடும். உண்மை அவ்வாறு இல்லை. மக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்க்கையில் சில நாள்களில் அவர் மாலைவரை உண்ணாமல் இருந்ததை அவருடைய சீடர் பொசீதியுஸ் பதிந்துள்ளார். மடங்களில் உள்ளதுபோல் சில மணி கைத்தொழிலும், சில மணி வாசிப்பும் செபமுமாக வாழ்வதையே தாம் விரும்புவதாக, துறவியரின் உழைப்பு பற்றிய நூலில் அகுஸ்தீனாரே எழுதுகிறார். ஆயினும் பிறருடைய வழக்குச் சிக்கல்களைச் சுமப்பது தம்மீது விழுந்த பணி என ஏற்றுக்கொள்கிறார். உண்மையின்மீது கொண்ட அன்பு ஓய்வை நாடுகிறது. அன்பின் கட்டாயம் அலுவலை ஏற்கிறது என்பதே ‘இறைவனின் நகர்’ பத்தொன்பதாம் புத்தகத்தில் அவர் கண்ட தீர்வு.

அத்தீர்வும் எளிதில் கைகூடவில்லை. 426ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், எழுபத்தோரு வயதான ஆயர் ஆலயத்தில் மக்கள்முன் நின்று எராக்லியுஸ் என்னும் குருவைத் தம் பின்னவராக அறிவித்தார். அன்று பேசியவை எழுத்தில் பதிவாகி அவருடைய கடிதத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. ஆயர் மன்றங்கள் ஒப்படைத்த மறைநூல் பணிக்காக வாரத்தில் ஐந்து நாள் தம்மைத் தொல்லைப்படுத்துவதில்லை என்று மக்கள் முன்னர் ஒப்பியிருந்ததையும், அவ்வொப்பந்தம் சிறிது காலமே காக்கப்பட்டதையும் அவர் நினைவூட்டினார். இனிமேல் வழக்குகளை எராக்லியுசிடம் கொண்டுசெல்லுமாறு வேண்டினார். அவ்வாறு கிடைத்த இடைவெளியில் தம் நூல்களைத் தாமே மறுஆய்வு செய்து, 93 படைப்புகளை, 232 புத்தகங்களை, வரிசைப்படுத்தித் திருத்தங்களைக் குறித்துவைத்தார். உலகம் போற்றும் புனிதரும் தம் நேரத்துக்காகப் பங்கு மக்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அட்டவணை குலைந்த நாளில் மனம் தளரும் நமக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

‘அறிக்கைகள்’ நமக்குத் தருவது கால அட்டவணை அன்று. நாள் முழுவதும் நம் மணிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் அன்புகள் எவை, அவற்றுள் தலைமை எதற்கு என்று நேர்மையோடு கேட்கும் துணிவை அது தருகிறது. இவ்வினாவைக் கேட்ட பின்னர்தான் பட்டியலும் கடிகாரமும் பயன்படும். கேட்காதவரை, பிற்பகல் எவ்வளவு நீண்டிருந்தாலும் அது கைநழுவியே போகும்.

430ஆம் ஆண்டு வண்டால் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருக்க, அகுஸ்தீனார் நோயுற்றுப் படுத்தார். மனத்துயர்த் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் தொங்கவிடச் செய்து, படுக்கையிலிருந்தே படித்துக் கண்ணீர் சொரிந்தார். இறப்பதற்குச் சுமார் பத்து நாள்களுக்குமுன், மருத்துவர் வரும்போதும் உணவு கொணரும்போதும் தவிர எவரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகப் பொசீதியுஸ் எழுதுகிறார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் வேளையைப் பிறர்க்குத் திறந்து வைத்திருந்தவர், தமக்கென்று கேட்ட வேளை அவ்வளவே. அந்தப் பத்து நாள்களில் யாருடன் இருக்க வேண்டும் என்பதை அவர் முன்னரே தீர்மானித்திருந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.